கூப்பிட்டால் கேட்கிற தூரம்

1979 சித்திரை 12, புதன்கிழமை

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் எங்கே இருப்பது என்று இன்றைக்குத்தான் அண்ணன் வாய்விட்டுக் கேட்டார். வேலூரில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறார். எனக்கு அடி அண்ணாமலையில் எங்கள் கொல்லை நிலத்துக் கொட்டகையிலேயே இருந்துவிட ஆசை. முடியுமா பார்க்கலாம் என்று இரண்டு பேரும் காலையில் போனோம்.

இந்த வெயிலிலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அதை மொண்டு துவரம்பருப்பு வேகவைத்தேன். "நிலம் பாக்க வந்தியா, விருந்து வைக்க வந்தியா?" என்று அண்ணன் கிண்டல் செய்தார். உப்புத் தண்ணீர் என்றால் பருப்பு வேகாது. இது குழைந்துவிட்டது. கேழ்வரகு விளையும், விறகுக்கும் குறையில்லை.

"எல்லாம் சரிம்மா. ஒண்டியா இருக்கறப்ப ராத்திரியில காய்ச்சல் வந்தா யாரைக் கூப்பிடுவ?"

பக்கத்துக் கொல்லை முனியம்மா அக்கா அங்கேதான் நின்றிருந்தாள். "நான் எதுக்குடி இருக்கேன்? வூட்டாண்ட போறேன், கூப்ட்டுப் பாரு" என்று போனாள்.

அவள் வாசலில் போய் நின்றதும் கத்தினேன். முனியம்மாக்கா என்றுதான் கத்த நினைத்தேன். வாயில் வந்தது "ஏங்க!" அவரைக் கூப்பிட்டே பழகிய வாய். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நல்லா கேக்குதுடி! இன்னா, வரட்டுமா?"

வாக்கா என்றேன்.

திரும்பும் வழியில் அண்ணன் வேலூர்ப் பேச்சை எடுக்கவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "கொட்டகைக்கு நல்ல தாழ்ப்பாளா பாத்து வாங்கணும்மா" என்றார்.