சுண்டுவின் மூடாத குழாய்

வாத்தியாரே,

தூங்குவதுபோல் நடித்தது போதும், எழுந்து படியுங்கள். நம் மகள் சுண்டுவை மருத்துவமனையில் சேர்க்க நான் முன்னால் போகிறேன். சாப்பாடு அடுப்புமேல் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய, இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் அவளுக்கு மூடவில்லை. அதைத்தான் இன்று மதியம் தொடை வழியாக ஒரு சின்னக் கம்பிச்சுருளை அனுப்பி அடைக்கப் போகிறார்கள். "நெஞ்சைத் திறக்க மாட்டோம், பயப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னது என்னைப் பார்த்து இல்லை. மயக்க மருந்து அவளுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

நேற்றும் அதே பாட்டு: "என் வகுப்புப் பிள்ளைங்ககிட்டேருந்து அம்மையை நான்தானே கொண்டு வந்து உனக்கு ஒட்டவெச்சேன்." சரி, சுண்டு வயிற்றில் இருந்த மூன்றாம் மாதத்தில் எனக்கு அந்த ரூபெல்லா அம்மை வந்தது, அதனால்தான் அவள் குழாய் மூடாமல் போனது. ஆனால் உங்கள் முதுகுத் தடிப்பை வேர்க்குரு என்று பவுடர் போட்டுவிட்டவள் நான். இருவருமே ஏமாந்தோம். ஏழு மாதமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது போதும்.

பத்து மணிக்கு என் தங்கச்சி வருவாள். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டும், கூட்டிப் போய்ப் போட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வது அவள் இல்லை.

பி.கு: சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) மருத்துவமனைப் படிவத்தை முழுக்கப் படித்தேன். யார் குற்றம் என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. குழந்தை கண் விழிக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பெயரை எழுதிவிட்டேன்.