கூரைக்குப் போட்ட கையெழுத்து

திங்கள், 3

காலையிலேயே வெயில் கொளுத்தல். அளக்கிற எனக்கு நல்லதுதான். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்து ரவாங். பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். கீழே இடம் போதவில்லை. ஆறு பேரை அடுத்த வாரம் மேல்மாடிக்கு மாற்றப் போகிறார்கள். தட்டையான கான்கிரீட் கூரை, நேர் வெயில். எவ்வளவு சூடு உள்ளே இறங்குகிறது என்று அளந்து, அங்கே ஆள் படுக்கலாமா என்று எழுதித் தருவது என் வேலை.

செய்தது: கூரையின் அடியில் சென்சார் ஒன்று. மேலே அதே இடத்தைப் பெருக்கித் துடைத்து இன்னொன்று, நீள ஒயரோடு. சுவருக்கு இரண்டு. எல்லாம் பெட்டியில் பதிவாகிறது.

நிர்வாகி செல்வி அக்கா பால் இல்லாத தே ஓ போட்டுக் கொடுத்தார். இங்கே பாதிப் பேருக்குப் பேச்சு வராதாம். சூடு என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாது.

வியாழன், 6

மழை இல்லை. முட்டி வலி. ரவாங்கில் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேல் சென்சாருக்குப் பின்பக்க ஏணி ஏற வேண்டும். சோம்பல். ரயிலும் போய்விடும்.

மாலை கணக்குப் பார்த்தேன். சுவர் சுமார். கூரை பிரமாதம், சூடு அவ்வளவாக இறங்கவில்லை. இந்தப் பழைய கூரையா? நடுப்பகலிலும் மேல்பக்கம் அவ்வளவாகக் காயவில்லை. மேகமாக இருந்திருக்கும். என் பாஸுக்கு ஒரே சந்தோஷம், இன்றைக்கே அனுப்பு என்றார். ஆள் படுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பால், முட்டை, அம்மாவுக்குத் தைலம்.

சனி, 8

நாசமாய்ப் போனேன். காலையில் மேல் சென்சாரைக் கழற்ற ஏணி ஏறினால், அதன் மேல் நாலாக மடித்த வெள்ளை வேட்டி. வேட்டி மேல் மோர் மிளகாய். இத்தனை நாளும் வெயிலை அல்ல, நிழலை அளந்திருக்கிறேன்.

சமையல் பார்வதி ஆன்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஒயரு வெயில்ல காயுதே பாவம்னு திங்கக்கெழமையே மூடி வெச்சேம்மா. விரிச்ச வேட்டி சும்மா கெடக்கேன்னு மொளகாயும் போட்டேன். கெட்டுப் போச்சா?”

அவரை என்ன சொல்ல? கணக்குப் பார்த்த அன்றைக்கே மனசு உறுத்தியது. மேகம் என்று நானே எனக்குப் பொய் சொல்லிக்கொண்டேன். ஏணி ஏறாத கால் என்னுடையது.

வேட்டியை எடுத்தேன். மேல் அறை இன்னும் காலி. மறுபடி அளக்கப் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். செல்வி அக்கா வெளியே போயிருந்தார்.

பாஸிடம் போனில் சொன்னேன். “ஒரு வேட்டிக்காக ரிப்போர்ட்ட திரும்ப வாங்கறதா? கம்பெனி பேரு போயிரும்லா. திங்கக்கெழமை வரைக்கும் சும்மா இரு” என்றார். சும்மா இருந்தேன். செல்வி அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம். பயம். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? மாற்றுவது அடுத்த வாரம்தானே என்று சமாதானம்.

ஞாயிறு, 9

தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் துணிச்சல் வந்தது. செல்வி அக்காவுக்குப் போன்: ரிப்போர்ட் தப்பு, யாரையும் மேலே மாற்ற வேண்டாம். ஆறு பேரில் ஒருவரை, முனியாண்டி அங்கிளை, நேற்றுச் சாயங்காலமே ஏற்றிவிட்டார்களாம். ரிப்போர்ட் வந்துவிட்டது, எதற்குக் காத்திருப்பது என்று.

டாக்சி. வழியெல்லாம் பாஸிடமிருந்து அழைப்பு. எடுக்கவில்லை.

மேல் அறையில் மின்விசிறி சூட்டையே சுற்றிக்கொண்டிருந்தது. அங்கிள் முன்பு லோரி ஓட்டியவர், பெரிய உடம்பு. சட்டை, தலையணை எல்லாம் ஈரம். கண்ணில் நீர். அசைகிற இடது கையால் என் துப்பட்டாவைப் பிடித்தவர் விடவே இல்லை. என் தப்பு அங்கிள் என்றேன். வேறு என்ன சொல்வது?

நாலு பேர் கட்டிலோடு இறக்கினோம். நான் கால்பக்கம். படி திரும்பும் இடத்தில் செல்வி அக்கா சொன்னார்:

“ராத்திரிலேருந்து அழுதாரு. சூடா இருக்கான்னு கேட்டேன், ஆமான்னு தலைய ஆட்டினாரு. நான்தான் உன் ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டி, இல்ல அங்கிள், உங்களுக்கு அப்படித் தோணுதுன்னு சொன்னேன்.”