கடிகை விழாவும் கொற்றியின் பாயும்

வானம் அளவறிந்து பெய்க. ஆறு கரையறிந்து ஓடுக. கார்வயல் நாட்டை முறை வழுவாது ஆளும் கோச்செவ்விறையர் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் பிடவூர் எயினன் எழுதியது. மணற்றுறை ஊரவைப் பெருமக்களும், நெசவாளரும், உப்பு வணிகரும், ஓடம் விடுவோரும், அவர்தம் மனையில் உள்ளோர் அனைவரும் நலமே வாழ்வாராக.

வருகின்ற பங்குனித் திங்களில் ஆலந்துறைக் கடிகை எனும் நம் பெருங்கல்விச்சாலையில் விழா எடுக்கத் திருவுள்ளம். மாணாக்கர் பட்டிமண்டபம் ஏறி வாதிடுவர். சோறு மறந்தாலும் சொல் மறவாத கூட்டம் அது என்பது நீங்கள் அறிந்ததே. யாழ் பயில்வோர் பாடுவர். மருத்துவம் பயில்வோர் ஊராரின் கண்ணோய்க்கு மருந்திடுவர். வான்நூல் பயில்வோர் மாலையில் கோள்களைக் காட்டி, உங்கள் பிள்ளைகளின் ஓயாத கேள்விகளுக்கு ஈடுகொடுக்க முயல்வர். கடிகையும் ஊரும் ஒரே பந்தியில் உண்ணும். முன்னாளில் இவ்வளவு எழுதினால் போதும், ஊர் திரண்டுவிடும். இம்முறை நீங்கள் வர மனங்கொள்ளீர் என்பதை அரசர் அறிவார். ஏன் என்பதையும் அறிவார்.

சென்ற ஐப்பசி வெள்ளத்தில் மேட்டுநிலம் தேடி ஓடிவந்த உங்கள் முகத்தில் கடிகை கதவை அடைத்தது. அடைக்கச் சொன்னவர் கடிகைத் தலைவர் செங்கோடனார். கூட்டம் புகுந்தால் சுவடிகள் மிதிபட்டு நனையும் என்று அவர் அஞ்சினார். அவ்வேளை மண்டபத்தில் வாது நடந்துகொண்டிருந்தது. உங்கள் ஊர் நெசவாளி வெள்ளைச்சியின் மகள் கொற்றி, அங்கே பயின்றவள், தன் பாயிலிருந்து எழுந்து, வெளியே நிற்கும் உயிரினும் உள்ளே இருக்கும் ஓலை எவ்வகையில் பெரிது என்று வினவினாள். நாளை விடையளிப்பதாகச் சொல்லித் தலைவர் வாதை முடித்துவிட்டார். அவள் மதிலேறி வெளியே குதித்தாள். குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கி மதில்மேல் இருந்த தோழியர் கையில் கொடுத்தாள். அவளைத் தூக்கிவிட ஆளில்லை. வெள்ளம் கொண்டுபோயிற்று, உடலும் கிடைக்கவில்லை.

வினா எழுப்பியவர் விடை கிடைக்கும்வரை தம் பாயை விட்டு நீங்கலாகாது என்பது அக்கடிகையின் பழைய முறை. இறந்தவர்க்கும் அது செல்லும் என்று எவரும் எண்ணியதில்லை.

இப்போது ஆறு வற்றி மணல் சுடுகிறது. கொற்றியின் பாய் மட்டும் ஈரமாகவே இருக்கிறது. வெயிலில் உலர்த்தினார்கள், எரித்தும் பார்த்தார்கள். அவ்விடத்தில் இட்ட புதுப்பாயும் உச்சிப்பொழுதில் நனைந்துவிடுகிறது. பாடத்தின் முடிவில் ஐயம் உண்டோ என்று கேட்கும் வழக்கத்தைச் செங்கோடனார் விட்டுவிட்டார். கேட்டால் மண்டபமெங்கும் ஆற்றுச்சேற்று மணம் எழுகிறது. மாணாக்கர் எல்லோரும் அந்தப் பாயையே பார்ப்பார்கள். செங்கோடனார் தனியே அதன் முன் அமர்ந்து நூல்களை மேற்கோள் காட்டி விடை சொல்லியும் பார்த்தார். படித்தவருக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது? பாயிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது.

பின்னர் அவர் வெள்ளைச்சியின் இல்லம் சென்று, விழாவுக்கு வரவேண்டும் என்று கைகூப்பினார். தறியை நிறுத்தாமல் அவள் சொன்னதை, சொன்னவாறே எழுதுக என்பது அரசர் கட்டளை:

"எம்மவ கேட்டதுக்கு ஒங்க ஏட்டுல பதில் இல்லீங்க. கதவுக்கு வெளிய வந்து நின்னு பாருங்க, தெரியும்."

செங்கோடனார் அங்கிருந்து நேரே அரசவை புகுந்து அழுதார். கொற்றி சினந்திருந்தால் தாங்கிக்கொள்வேன், என் சொல்லை நம்பிக் காத்திருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று முறையிட்டார்.

ஆகவே அரசர் பணித்தருளியது யாதெனில்: கடிகைக் கதவைத் திறக்கும் தாழ்க்கோல் இவ்வோலையோடு கட்டி அனுப்பப்படுகிறது. இனி அதை மணற்றுறை ஊரவையே காக்க. விழா நாளில் வெள்ளைச்சி தன் கையால் கதவைத் திறந்தால் விழா நடக்கும், திறவாவிடில் இல்லை. வருக என்று உங்களுக்கு ஆணையிட அரசருக்கு முகமில்லை.

இது கோச்செவ்விறையர் திருமுன் படித்துக் காட்டி, வேங்கைப்பூ முத்திரை பொறித்தது. ஓலையை ஊர்க்காவலரிடம் நீட்டியவர் செங்கோடனார். குடையும் துணையும் இன்றி அவர் உங்கள் ஊர்வாயிலுக்கு வெளியே நிற்கிறார். நீங்களாக அழைக்குமுன் உள்ளே அடி வைக்கலாகாது என்பது அவருக்கு இட்ட கட்டளை. கதவைத் திறப்பதும் அடைப்பதும் உங்கள் விருப்பம்.