தூங்குமூஞ்சிக்காக ஓர் உள்ளேன்

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

இங்கே நான் நலம். நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறாய் என்று உன் மனைவி என்னிடம் புகார் கொடுத்துவிட்டாள். அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தூங்குமூஞ்சி இருக்கிறான். உயிரோடு, வேலையோடு, புதிதாக வந்த தொந்தியோடு இருக்கிறான். நேற்று அவன் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன்.

போனில் உன்னிடம் இருக்கான்டா என்று சொன்னதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கேட்டு நீ வேறு மாதிரி நினைத்துப் பதறினாய். வகுப்பு முழுக்க என்னை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுகிறீர்கள், ஆனால் ஒரு நல்ல செய்தியைக்கூட என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் நிதானமாக எழுத உட்கார்ந்தேன். கிளினிக்கில் கூட்டமில்லை. ஊசி போட வந்த பூனை ஒன்று கூடைக்குள்ளிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது, அதன் முதலாளியம்மா இன்னும் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் உன்னால்தான் என்று நீ சொல்லிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்து. நடந்தது என்ன? கடைசிப் பரீட்சை முடிந்த தேதியில் வருடாவருடம் நம் வகுப்பு வீடியோ போனில் கூடும். லீடர் பழைய வருகைப் பதிவு எண்களை வரிசையாகக் கூப்பிடுவான். மாட்டுக் கொட்டகையிலும் கோழிப் பண்ணையிலும் நின்றுகொண்டு, தலை நரைத்த கால்நடை மருத்துவர்கள் எல்லாம் உள்ளேன் ஐயா என்று கத்துவோம். தூங்குமூஞ்சியின் எண் வந்ததும் நீ அவனுடைய அடித்தொண்டைக் குரலில், கொட்டாவியும் சேர்த்து, "உள்ளேன்...யா" என்று இழுப்பாய். கல்லூரியில் முதல் வகுப்புக்கு அவன் எழுந்து வந்த சரித்திரமே கிடையாது. அன்றைக்கும் நீதானே குரல் கொடுத்துக் காப்பாற்றினாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், லீடர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவான். குரல் வந்துவிட்டதால், ஆள் வந்தானா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் இதில் பங்கு உண்டு. நீ மட்டும் மொத்தமாக வாரிக்கொள்ளப் பார்க்காதே.

இந்த வருடம் லீடரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தோம். அவள் நம் வகுப்பு இல்லை, கல்லூரி வாசலையே மிதிக்காதவள். எல்லோருக்கும் முகம் தெரிகிறது, அந்தக் கொட்டாவிக்காரருக்கு மட்டும் ஏன் முகமே வருவதில்லை என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். அவன் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். லீடரோடு என்று நீ நினைத்திருந்தாய். அவன் யாரோடும் இல்லை.

அன்று நீ போனில் சொன்னது இன்னும் என்னை விடவில்லை. "இத்தனை வருஷமா அவன் இருக்கான், இருக்கான்னு நானே சொல்லிட்டிருந்திருக்கேன். இருக்கானான்னு எனக்கே தெரியலடி." உடனே, நான் தேடுகிறேன், நீ போனை வை என்று அதட்டினேன்.

தேடின கதையைக் கேள். அவனுடைய பழைய எண்ணில் ஒரு துணிக்கடைப் பெண் எடுத்தாள், எடுத்த வேகத்தில் தள்ளுபடி விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா நல்லவர்தான், கணினியைத் தட்டி நிரந்தர முகவரி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். எது தெரியுமா? உங்கள் விடுதி, அவனுடைய பழைய அறை. சேரும்போது அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான், சங்கமும் இத்தனை வருடமாக ஆண்டு மலரை அந்த அறைக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று விடுதிக்கும் நடந்தேன். அது இப்போது பெண்கள் விடுதியாகிவிட்டது, அந்த அறையில் இருக்கும் பெண் அத்தனை மலர்களையும் அடுக்கி, அதன் மேல் மேசை மின்விசிறியை வைத்திருக்கிறாள். உயரம் சரியாக இருக்கிறதாம்.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. கால்நடை மருத்துவர் எந்த மூலையில் இருந்தாலும் மருந்து கம்பெனிப் பிரதிநிதி கண்ணில் படாமல் இருக்க முடியாது. என் கிளினிக்குக்கு மாதாமாதம் பை தூக்கி வருகிறவரிடம் அங்க அடையாளம் சொன்னேன். உயரம் சுமார், புருவம் சேர்ந்திருக்கும், நின்றுகொண்டே தூங்குவான் என்றேன். அவர் தன் ஆட்களையெல்லாம் கேட்டுவிட்டு, பால் பண்ணை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார், ஆனால் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார் என்றார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். இவ்வளவு பக்கத்திலா இருந்தான் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் போனேன், மறைப்பானேன். நீண்ட கூடம், சுவரெல்லாம் வெள்ளை ஓடு, மேசை நிறையப் பரிசோதனைக்கு வந்த பால் குப்பிகள், ஜன்னல் ஓரம் ஒரு நுண்ணோக்கி. அதில் கண்ணை வைத்து முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். பின்மண்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வகுப்பில் அவன் பின்னால்தானே எனக்கு இடம். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து அறையிலிருந்து வேறு யாரோ எட்டிப் பார்த்தார்கள், இவன் அசையவில்லை. வேண்டுமென்றேதான் செய்கிறான், நம்மை மொத்தமாக வெட்டிவிட்டான் என்று நினைத்தேன். கைப்பையால் முதுகில் ஒன்று வைக்கலாம் என்று பக்கத்திலேயே போய்விட்டேன். அப்போது சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பால் லாரி உள்ளே வந்தால் மற்ற இடங்களில் மணி அடிக்கும், இங்கே இவனுக்காக விளக்கு வைத்திருக்கிறார்கள். விளக்கைப் பார்த்துத் திரும்பினான், என்னைப் பார்த்தான்.

அவனுக்குக் காது கேட்கவில்லை. வலது காதில் ஒன்றுமே கிடையாது, இடது காதில் கருவி வைத்தால் ஏதோ இரைச்சல் மட்டும். நான் கடகடவென்று பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தி, "என் மூஞ்சியப் பார்த்துப் பேசு, நான் படிச்சுக்கறேன்" என்றான். குரல் மாறியிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், எங்கோ உரக்க, எங்கோ மெல்ல. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னவென்றால், இன்ஸ்பெக்டர் நேரில் வந்துவிட்டாரே, கைது உண்டா என்று கேட்டுச் சிரிக்கிறான்.

மூளைக்காய்ச்சலாம். பிழைத்ததே பெரிய விஷயம் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு கன்றின் நெஞ்சில் வைத்திருக்கிறான், ஒன்றுமே கேட்கவில்லை. அன்றே கிளினிக்கை மூடிவிட்டான். அப்புறம் கொஞ்ச காலம் வீட்டிலேயே கிடந்தானாம். அவன் அதைச் சுருக்கமாகத்தான் சொன்னான், நானும் தோண்டவில்லை. பால் பண்ணையில் நுண்ணோக்கி பார்க்க ஆள் தேவை என்று தெரிந்து அவன் மனைவிதான் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறாள். கிருமிகள் சத்தம் போடாதவை, எனக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போகிறது என்கிறான்.

நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், நீயும் கேட்பாய். சொல்லப் பார்த்திருக்கிறான். நம் குழுவில் எழுதுகிறவர் யார்? எல்லாம் குரல் பதிவுதானே. வண்டி ஓட்டிக்கொண்டே, மாட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பேசி அனுப்புகிற கூட்டம். கேட்க முடியவில்லை, எழுதி அனுப்புங்கள் என்று ஒருமுறை போட்டானாம். தூங்குமூஞ்சிக்குக் காது கொடுக்கவும் சோம்பேறித்தனம் என்று நாம் கேலி செய்திருக்கிறோம், அதையும் குரலிலேயே. அவன் திரையில் வெறும் கோடு கோடாக வந்து விழுந்திருக்கிறது. கேலியா, விசாரிப்பா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கொடுத்துக் கேட்கச் சொல்ல வெட்கம். போன் எண்ணை மாற்றிவிட்டான். அந்தக் கேலியைச் செய்தது யார் என்று நீ பழைய பதிவுகளைக் கிளற வேண்டாம். அவனே அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனான். சின்ன வீடு, எல்லா அறையிலும் விளக்கு பளிச்சென்று எரிகிறது, வாய் அசைவு தெரிய வேண்டுமே. அவன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். முதலில் என்னிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. நியாயம்தானே, இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத சிநேகிதர்கள். அவன் குரல் உயரும்போதெல்லாம் அவள் கையைத் தாழ்த்திக் காட்டுகிறாள், அவனும் உடனே குறைத்துக்கொள்கிறான். அது ஒன்றைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது, இவனைப் பற்றி இனி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்று.

வருகைப் பதிவு கதையை அங்கே வைத்துத்தான் சொன்னேன். நீ அவனுக்குப் பதிலாக வருடாவருடம் குரல் கொடுப்பதையும், அதனால்தான் நாங்கள் கவனிக்காமல் போனோம் என்பதையும் மெதுவாக, வாயைத் திறந்து திறந்து சொன்னேன். கோபப்படுவான் என்றுதான் நினைத்தேன். அவன் என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னான். என் குரல் மாதிரியே இருக்குமா என்று கேட்டான். உன்னைவிட நன்றாக இருக்கும் என்றேன். டீ டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"எனக்கு என் குரல் மறந்துபோச்சு. அவன்கிட்டயாவது இருக்கே. விட்டுடாதேன்னு சொல்லு."

இதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். உனக்கு அவன் சொல்லியனுப்பியது இதுதான்.

அதற்கு மேல் நடந்ததுதான் என்னைக் கரைத்தது. அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி, அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டாள். லீடர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து அனுப்புகிறவன் ஆயிற்றே, போனில் தேடி, சென்ற வருடக் குரல் பதிவைப் போட்டேன். எண்கள் வரிசையாக வந்தன. அவன் எண் வந்தது. நீ உள்ளேன்யா என்று இழுத்தாய், பின்னாலேயே நம் கூட்டத்தின் சிரிப்பு. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் எழுப்பும்போதெல்லாம் இந்தக் குரல்தான் வரும், அச்சு அசல் இவர்தான் என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை. என் வயிற்றில் பால் வார்த்தது அந்த நிமிடம்தான். கிளம்பும்போது அந்த டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

வீடு திரும்பும் வழியிலேயே லீடருக்குச் சொன்னேன். அவன் மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதானாம், மாட்டுக்காரர் பயந்துபோய் மாட்டுக்கு ஏதும் ஆபத்தா என்று கேட்டாராம். இன்று காலையிலிருந்து குழுவில் குரல் பதிவுக்குத் தடை. தூங்குமூஞ்சியைச் சேர்த்தாயிற்று. பாதிப் பேருக்கு எழுதவே வரவில்லை என்பது இப்போதுதான் வெளிச்சமாகிறது, அத்தனை பிழை. அவன் ஒவ்வொன்றையும் திருத்தித் திருப்பி அனுப்புகிறான். பழைய திமிர் முழுசாக இருக்கிறது, கவலைப்படாதே. நீ மட்டும் அங்கே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதி எழுதி அழிக்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள்.

எழுதுவது உனக்குக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். ஒருமுறை வந்துவிடு. இந்த வருட விடுமுறையை வேறு எங்கும் செலவழிக்காதே. வீடியோவில் உன் தாடியைப் பார்த்தேன், நெஞ்சுவரை வளர்த்து வைத்திருக்கிறாய், மீசை வாயை முழுக்க மூடுகிறது. உன் அழகைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் கிடையாது, ஆனால் அதற்குள்ளிருந்து நீ என்ன சொன்னாலும் அவனால் படிக்க முடியாது. நீ அவனிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மழித்துவிட்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்று இரவாவது நிம்மதியாகத் தூங்கு.

என்றும் உன் தோழி,
இன்ஸ்பெக்டர்