பதினோராம் அத்தியாயத்தில் உன் குரல்

டத்தோ கிராமாட், பினாங்கு

அன்பு மகள் சாந்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்லுவாய். போனில் திட்டினால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ ஒலிநூலாக வாசித்துப் பதிவு செய்த அந்தக் காதல் நாவலைப் பக்கத்து வீட்டுக் குமுதா என் போனில் போட்டுக் கொடுத்தாள். கீரை ஆய்ந்தபடியே இரண்டு பேரும் கேட்டோம். மழையையும் காத்திருப்பதையும் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள், நீயும் எவ்வளவு நிதானமாக வாசித்திருக்கிறாய் என்று எனக்குப் பெருமைதான். பதினோராம் அத்தியாயத்தில் அவன் பிரிந்து போகிறான், அவள் அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். அந்த இடத்தில் உனக்குத் தொண்டை அடைத்தது. குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமா நடிக்குதுக்கா உங்க மக" என்றாள். எனக்குக் கை ஓடவில்லை. நீ நடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பள்ளி நாடகத்தில் நீ அழுதபோது மண்டபமே சிரித்தது.

உடனே மாப்பிள்ளை மோகனராஜைப் போனில் கூப்பிட்டேன். "சாந்தினி சொல்லலையா அத்தை, நாங்க பிரிஞ்சு நாலு மாசம் ஆச்சு லா" என்றார். நாலு மாதம். ஞாயிறு தவறாமல் என்னிடம் பேசினாய், அவர் குளிக்கிறார் என்றாய், கடைக்குப் போயிருக்கிறார் என்றாய். முகம் தெரியாத ஆட்கள் காதிலெல்லாம் அழுதிருக்கிறாய், பெற்றவளிடம் மட்டும் மறைத்திருக்கிறாய். தப்பு யார்மேல் என்று நான் கேட்கவில்லை. பிரிந்ததற்கும் எனக்குக் கோபம் இல்லை. அந்த டப்ளின் குளிரில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கேம்மா" என்றாயே, அதற்குத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், அலமாரியைக் குடைந்து என் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, "கெளம்பு, புதுப்பிச்சிட்டு வந்துருவோம்" என்றார். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

தண்ணீர்மலை முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலையில் விமான நிலையத்துக்கு வந்துவிடு, அந்த ஊர் ஆங்கிலம் எனக்குப் புரியாது. வரவேண்டாம் என்று சொல்லப் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். வந்ததும் முதலில் நன்றாகத் திட்டுவேன். அதற்குப் பிறகு நீ அழலாம்.

இன்னும் கோபம் தீராத உன் அம்மா,
நவமணி