கறக்க வேண்டாத மாடுகள்

வெர்மாண்ட்
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

நான் எழுந்து நடமாடுகிறேன், முழங்கால் மட்டும் குளிருக்கு முணுமுணுக்கிறது. சியாட்டில் மழையிலும் உன் இருமல் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கம்பளி பனியனை உள்ளே போட்டுக்கொள். மாடுகளை விற்றுவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் பால் லாரி ஓட்டும் ரூவல் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "உங்க ஒரு தொழுவத்துக்காக மலை ஏறினா டீசலுக்கே கட்டலைன்னு கம்பெனியில சொல்றாங்க, ஆர்டித்தம்மா. இந்த மாசத்தோட சரி. டீசலுக்குப் பதிலா பால் ஊத்தினா லாரி ஓடுமான்னுகூட அவங்ககிட்ட கேட்டுப் பாத்தேன்" என்றான். சிரித்தோம். பக்கத்து நிலத்து லெவிட் மாடு வைத்திருந்தவரை இந்தச் சாலையில் லாரிக்கு இரண்டு தொழுவம். அவர் வீட்டையும் நிலத்தையும் பாஸ்டன்காரர்களுக்கு விற்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதும் கறக்கும் நேரத்துக்கு விழிப்பு வருகிறது. தொழுவம் வரை போகிறேன். விளக்கைப் போடுவதில்லை.

இன்று காலை அந்த பாஸ்டன் தம்பதி, வின்ஸ்லோவும் பிரிசில்லாவும், வந்தார்கள். வாரக் கடைசியில் மட்டும் வருகிறவர்கள். பிரிசில்லா வாசலிலேயே, "ஐயோ, மாடெல்லாம் எங்கே? அதுங்களைப் பாத்துத்தானே இந்த வீட்டையே வாங்கினோம்!" என்றாள். நீங்க வாங்கினதாலதான் அதுங்க போச்சு என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் சுருங்கிவிட்டது. வின்ஸ்லோ மெதுவாக விஷயத்துக்கு வந்தார். மேயாத நிலத்தில் முதலில் புதர் ஏறும், பிறகு பைன் மரம், பிறகு அவர்கள் ஜன்னலில் மலை இருக்காது. அதனால் அவர்களே மாடு வாங்கித் தருகிறார்களாம். "கறக்கவே வேணாங்க, சும்மா மேயட்டும். தீவனமெல்லாம் எங்களோடது. நீங்க கூட இருந்தா போதும்." பிரிசில்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கறுப்பு வெள்ளையா இருந்தா பனியிலயும் பளிச்சுனு தெரியும்" என்றாள். பனிக்காலத்துல அதுங்க தொழுவத்துக்குள்ளேதாம்மா இருக்கும் என்றேன்.

ஒப்புக்கொண்டேன். உனக்குக் கோபம் வரும். அம்மா யாரோ வேடிக்கை பார்க்க மாடு மேய்க்கிறாளா என்பாய். ஆமாம். பைன் வளர்ந்தால் மலை மட்டுமா மறையும், என் வீடும் மறையும். மாட்டைத் தேடுகிற கண்ணில் நானும் படுவேன்.

உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இல்லாமல் கர்த்தர் உன்னை வைத்திருக்கட்டும். ஒன்றை மறக்காதே. இனி வார நாளில் போன் செய். சனி, ஞாயிறு எனக்கு ஆட்கள் வருவார்கள்.

உன் அம்மா,
ஆர்டித்