இணைய முடியவில்லை

8 ஜூலை 2025, செவ்வாய்

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கம்பெனிக்குள் போகவே முடியவில்லை. 'சர்வருடன் இணைய முடியவில்லை' என்று ஒரே ஒரு வரி. யூடியூப் ஓடுகிறது, கரண்ட் பில் பக்கம் திறக்கிறது, கம்பெனி மட்டும் வரமாட்டேன் என்கிறது. மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மாடிக்கு ஏறி வைஃபை பெட்டியையும் அணைத்துப் போட்டேன். ஊஹூம்.

மாடி வீட்டு நாத்தனாரின் வைஃபையில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தால் இப்படித்தான். "நான் ஒண்ணுமே தொடலையே மைனி" என்றாள் ஸ்டெபி. நான் கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

9 ஜூலை, புதன்

இன்றும் அதே வரி. போனிலிருந்து சூப்பர்வைசருக்கு எழுதினேன். சோதனைக் காலத்தில் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று பதில் வந்தது. அடுத்தவர் யார்? ஸ்டெபி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தேர்வு எழுதினோம். எனக்கு 71, அவளுக்கு 70. அச்சகம் மூடியதிலிருந்து அவளுக்கு வேலை கிடையாது.

எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? நர்சரி ஸ்கூலை மூடிவிட்டுப் போனார்கள், மூன்று வருஷம் அடுப்படியே கதி என்று கிடந்தேன். கோபத்தில் எழுதுகிற வாடிக்கையாளர்களுக்குத் தமிழில் பணிவாகப் பதில் எழுதும் வேலை இது. இதுவும் போனால் நாற்பத்து மூன்று வயதில் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்?

திங்கட்கிழமை நான் மீன் வாங்கப் போயிருந்தபோது ஸ்டெபி கீழே வந்து என் லேப்டாப்பில் ஏதோ விண்ணப்பம் அடித்திருக்கிறாள். இவர்தான் சொன்னார். சந்தேகத்தைச் சொன்னதும் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, அவ அப்படிச் செய்யுத ஆளா? வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு." தங்கை என்றால் இவருக்குக் கண் தெரியாது.

10 ஜூலை, வியாழன்

போன் இணைப்பில் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே வரி! அப்படியானால் கோளாறு வைஃபையில் இல்லை. லேப்டாப்புக்குள்ளேயே கை வைத்திருக்கிறாள்.

மத்தியானம் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு இறங்கி வந்தாள். "மூணு நாளு வரைக்கும் விடுவாங்கள்லா மைனி?" என்று கேட்டாள். அடியே, மூணு நாள் கணக்கு உனக்கு எப்படித் தெரியும்? (விதிமுறைக் காகிதம் அவளுக்கும் வந்திருக்கும். இருக்கட்டும்.)

கேட்டேவிட்டேன். "என்ன செஞ்ச? உள்ளதைச் சொல்லிரு."

"நான் என்னத்தைச் செஞ்சேன்?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மடமடவென்று படியேறிப் போய்விட்டாள். குற்றமில்லாதவள் நின்று பேசமாட்டாளா?

நாலு மணிக்குக் கம்பெனிக்கு எழுதினேன். காத்திருப்புப் பட்டியலில் உள்ள இன்னார் வேண்டுமென்றே என் கணினியைக் கெடுத்திருக்கிறார் என்று, பெயரைப் போட்டே எழுதினேன். அனுப்பியும்விட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு மேல் டெக்னிக்கல் ஆள் கூப்பிட்டார், பெயர் காஜா முகைதீன். எனக்கு அவர் மேலேயே சந்தேகம். இப்படிப் பேசித்தானே ஊரெல்லாம் ஏமாற்றுகிறார்கள்? "நீங்க கம்பெனி ஆள்தான்னு நான் எப்படி நம்புதது?" என்றேன்.

"நம்பவே வேண்டாம் டார்லின் மேடம். பாஸ்வேர்டு எதுவும் கேக்கல. லேப்டாப் மூலையில மணி எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

"பதினொண்ணு இருபது."

"எனக்குப் பதினொண்ணு எட்டு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. "சரியாத்தான இருக்கு?" என்று சொல்லும்போதே நினைவு வந்துவிட்டது.

இந்த வீட்டில் எல்லாக் கடிகாரமும் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் இரண்டாம் மணி அடிப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மாமா வைத்த ஏற்பாடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கழித்துக் கழித்துப் பார்த்து, இப்போது கழிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா சர்வர் சந்தேகப்படும் மேடம். வேற யாரோ உள்ள வர்றாங்கன்னு கதவைச் சாத்திரும்." மணியைத் திருத்தினேன். உடனே திறந்துகொண்டது.

இவர் ஸ்கூல் ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டேன். "ஆமா, நான்தான் வச்சேன். திங்கக்கிழமை பாக்கேன், உன் லேப்டாப்பு மணி பிந்தி ஓடுது. திருத்தி வச்சா திரும்பத் திரும்பப் பின்னால போகுது. அதான் அந்தத் தானா மாத்துத பொத்தானையே அணைச்சிட்டேன்." பெருமை வேறு!

"நாலு நாளா நான் அழுது சாகுதேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மணிக்கும் கம்பெனிக்கும் என்னட்டி சம்பந்தம்?"

அவரைத் திட்டித் தீர்த்தேன். மெயில் எழுதியவள் நான்தானே? அதை அவரிடம் சொல்லவில்லை.

12 ஜூலை, சனி

விடிந்ததும் கம்பெனிக்கு எழுதினேன். நான் சொன்னது தவறு, ஸ்டெபி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று.

13 ஜூலை, ஞாயிறு

கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை; இந்த மனசோடு எப்படிப் போவது? ஸ்டெபி போனாள்.

14 ஜூலை, திங்கள்

பதில் வந்தது. 'தங்கள் புகாரின் பேரில் அவரது பெயர் வெள்ளிக்கிழமையே நீக்கப்பட்டுவிட்டது. மீண்டும் சேர்க்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' வாடிக்கையாளருக்கு நான் எழுதுவேனே, அதே பணிவு. படித்துவிட்டு ஓவென்று அழுதேன்.

15 ஜூலை, செவ்வாய்

மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெயில் எழுதியது, பெயர் போனது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"என் பேரை முழுசா எழுதுனீங்களா மைனி?"

"ஆமா."

"இனிஷியலோட?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி, கீழ போங்க. உங்களுக்கு வேலை நேரம்லா" என்றாள்.

29 ஆகஸ்ட், வெள்ளி

வேலை நிரந்தரமாகிவிட்டது, கடிதம் வந்தது. இவருக்கு ஒரே சந்தோஷம். பாயசம் வைத்தேன். தூக்குச்சட்டியில் ஊற்றி மாடிக்குக் கொண்டுபோனேன். ஸ்டெபி கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டாள். "நல்லது மைனி" என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

சாயங்காலம் தூக்குச்சட்டி கீழ்ப்படியில் இருந்தது. எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அவள் ஒருநாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில்கூட ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவாள்.

கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்து இரண்டு தடவை பார்த்தேன்.